சூட்டுக் கம்பிக்காரன் சொன்ன 'வர்றேன்'

போன மாதம் நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கிளமெண்டியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஏதோ பயிற்சி வகுப்பாம். பழைய ஆள் ஒருவர் வந்து அந்தக் காலத்து வேலையைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டுமாம். ஒருவன் கையில் ஒரு கம்பித் துண்டை வைத்திருந்தான். கறுப்பாக, பட்டையாக, தோல் வார் மாதிரி இருந்தது.

"அங்கிள், இப்ப இதுதான் யூஸ் பண்றோம். சூடு தானாவே அட்ஜஸ்ட் ஆயிடும். எங்க வேணும்னாலும் கட் பண்ணலாம். ஒண்ணு மேல ஒண்ணு போட்டாலும் ஒண்ணும் ஆகாது லா" என்றான்.

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் மண்டோர், அதாவது மேஸ்திரி, உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் அந்தப் பையனின் காதைத் திருகியிருப்பார். வெட்டாதே, ஒன்றின் மேல் ஒன்று போடாதே என்று கேட்டுக் கேட்டே எனக்கு முடி நரைத்தது. மேடை ஏறிப் பேச எனக்கு வராது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அப்படி எழுதியதுதான் இது. அவர்கள் கேட்டது கம்பியைப் பற்றி. நான் எழுதியிருப்பது கம்பியைப் பற்றி மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சூட்டுக் கம்பி போட்டவன். சிங்கப்பூரில் இதைச் சொன்னால் சிரிக்காதவர்கள் குறைவு. பனி பெய்கிற நாடுகளில் கூரை விளிம்பிலும் மழைத்தண்ணீர் ஓடும் தகர வாய்க்காலிலும் பனி உறைந்துவிடாமல் இருக்க இந்த மாதிரிக் கம்பியை ஓட்டுவார்களாம். நம் ஊர்க் கூரையில் காக்காய்தான் உட்காரும். ஆனால் துறைமுகத்தில் இறங்கும் ஆட்டிறைச்சியையும் மீனையும் வைக்கிற குளிர் அறைக்குள் ஒரு பனி நாடு இருந்தது. அங்கேயும் ஒரு கூரை உண்டு, ஒரு வாய்க்கால் உண்டு. கதவைத் திறக்கும்போதெல்லாம் நம் ஊரின் ஈரக் காற்று உள்ளே நுழைந்து, வாசலுக்கு மேலே உட்கூரையில் பனியாக ஒட்டிக்கொள்ளும். குளிர்க் குழாய்களில் படிந்த பனியை அவ்வப்போது உருக்கிவிடுவார்கள். உருகிய தண்ணீர் கீழே இருக்கும் தகர வாய்க்காலில் விழுந்து ஒரு குழாய் வழியாக வெளியே போக வேண்டும். போவதற்குள் அதுவும் உறைந்துவிடும். எல்லாவற்றையும் விடக் கதவுச் சட்டம் மோசம். அது உறைந்தால் கதவு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கதவுச் சட்டம், வாசல் கூரை, வாய்க்கால் ஆகிய மூன்று இடத்திலும் கம்பி ஓட வேண்டும். கம்பி அடுப்பு மாதிரிச் சுடாது. தண்ணீர் உறையாமல் இருக்கிற அளவுக்குத்தான் சூடு.

நான் கப்பலேறி வந்தது ஐம்பதுகளில். கூட்டிவந்த சித்தப்பா சீக்கிரமே ஊர் திரும்பிவிட்டார். அங்கே எனக்கு அப்பா அம்மா இல்லை, இங்கே சித்தப்பாவும் இல்லை என்று ஆனது. கடைவீடுகளுக்கு விளக்குக் கம்பி இழுக்கிற ஒருவரிடம் எடுபிடியாக இருந்து வேலை கற்றேன். பிறகு ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் சேர்ந்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் பட்ட அடியைத்தான் நானும் பட்டேன்.

தேக்காவுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தேன். அறை என்றால் அறை இல்லை, கட்டில்கள் வரிசையாகக் கிடக்கும் கூடம். என் கட்டிலில் நான் பாதி, ராமன் என்கிற இன்னொருவன் பாதி. அவன் கிடங்கில் இரவுக் காவல். அவன் எழுந்து போனதும் நான் படுப்பேன், நான் எழுந்து போனதும் அவன் படுப்பான். வருடக்கணக்கில் ஒரே கட்டிலில் தூங்கியவர்கள், சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியது கிடையாது. நான் ஒரு நாள் வராமல் போனால் அவனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் தூக்கம், அவ்வளவுதான்.

எங்கள் மண்டோர் பெயர் சாகுல். நாகூர்ப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள், நாங்களும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம். உயரமான ஆள். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். வேலை நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், வாயைத் திறக்க மாட்டார். நாம் தப்புச் செய்தாலும் திறக்க மாட்டார். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நாமாகப் புரிந்துகொண்டு பிரிக்க வேண்டும். என்னைக் குளிர் அறை வேலைக்கு எடுத்துக்கொண்டதற்கு அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்.

"நீ பேச மாட்டே. குளிருக்குள்ள பேசுறவன் சீக்கிரம் களைச்சிடுவான்."

அவருடைய சட்டங்கள் கொஞ்சம்தான். கம்பியை நீளம் அதிகம் என்று வெட்டக் கூடாது. வெட்டினால் மிச்சமிருக்கும் கம்பி முழுச் சூட்டையும் தாங்காமல் கருகிவிடும். நீளமாக இருந்தால் இன்னொரு வளைவு போட்டு மடக்கு. கம்பி கம்பியைத் தொடக் கூடாது, தாண்டக் கூடாது. "மாமியாளையும் மருமகளையும் ஒரே அடுப்புல நிக்க வக்காதே தம்பி" என்பார். வேலைக்கு முன்னால் ஃபியூஸைக் கழற்றி உன் சட்டைப்பையில் போட்டுக்கொள், பிறகுதான் கம்பியைத் தொடு. முடித்ததும் மெக்கர் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றி எங்காவது மின்சாரம் கசிகிறதா என்று பார். பிறகு ஃபியூஸைப் போடு. கொஞ்சம் பொறு.

அதற்குப் பிறகு வருவதுதான் அவருடைய முத்திரை. உள்ளே போய், கம்பியின் தலையிலிருந்து கால்வரை புறங்கையால் தொட்டுக்கொண்டே வர வேண்டும். மெக்கர் முள் காட்டுவதை மட்டும் அவர் நம்ப மாட்டார். வேலை முடிந்தது என்று யார் போய்ச் சொன்னாலும் அவர் கேட்பது, "தொட்டுப் பாத்தியா?" உள்ளங்கை பொய் சொல்லும், காய்த்துப்போனது, புறங்கைதான் உண்மை சொல்லும் என்பது அவர் கட்சி. ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தவரிடம் ஒருவன் போய் வேலை முடிந்தது என்று சொல்ல, பிரியாணியில் கை வைத்தபடி அதே கேள்வியைக் கேட்டாராம்.

தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டிறைச்சி வியாபாரியின் குளிர் அறைக்கு நாங்கள் கம்பி போட்டோம். போட்ட மறுவாரம் கதவு திறக்கவில்லை என்று ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் கடைமுன் கூட்டம். வியாபாரி கத்தியை விட்டுக் கதவு இடுக்கைக் குடைந்துகொண்டிருந்தார். சுவிட்சைப் பார்த்தோம், அணைந்திருந்தது.

"யாரு அணைச்சது?" என்றார் நானா.

"நான்தான். ஹீட்டருன்னு எழுதியிருக்கு. இந்த வேக்காட்டுல யாருக்குலா ஹீட்டரு? நான் குளிரு கேட்டா நீங்க சூட்டையும் சேத்து வச்சிட்டுப் போயிருக்கீங்க!"

யாரோ கெண்டியில் வெந்நீர் கொண்டுவந்தார்கள். ஊற்றினால் அதுவும் பனியாகிவிடும் என்று நானா தடுத்தார். சுவிட்சைப் போட்டார். ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தே தாரிக், ஆற்றி நுரைத்த தேநீர், ஒன்று கேட்டார். வியாபாரி குதித்தார், வாங்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நானா ஊதி ஊதிக் குடித்தார். டம்ளர் காலியானதும் எழுந்து, சுண்டுவிரலால் கதவை இழுத்தார். திறந்துகொண்டது. அப்படியே நடையைக் கட்டினார். அந்தக் கடையில் அதற்குப் பிறகு யாரும் அந்தச் சுவிட்சைத் தொட்டதில்லை என்று கேள்வி.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குளிர்க் கிடங்கு எங்கள் பராமரிப்பில் இருந்தது. அங்கே ஸ்டோர் கீப்பர் கோவிந்தன். என்னைவிடச் சின்னவர், கலகலப்பானவர், வாய் ஓயாது. அந்தக் கிடங்குக்கு நான் அடிக்கடி போவேன். வேலையை முடிப்பேன், பையைத் தோளில் மாட்டுவேன், போய்விடுவேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். திமிர் என்று நினைத்தவர்கள் உண்டு. திமிர் இல்லை. விடைபெறுவது ஒரு பழக்கம். வீட்டில் ஆள் இருந்தால் தானாக வரும். போயிட்டு வர்றேன் என்றால் சரி என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். எனக்கு அந்தக் குரல் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. காலையில் கட்டிலைவிட்டு இறங்கி ராமனின் முதுகிடமா சொல்லிக்கொண்டு போவது?

அறுபதுகளின் தொடக்கம். ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை. கிடங்கின் கடைசி அறையில் வாய்க்கால் உறைந்து தண்ணீர் வழிகிறது என்று தகவல். நானா என்னை அனுப்பினார். காலையிலேயே போய்ப் பழைய கம்பியைப் பிடுங்கினேன். யாரோ முன்பு வெட்டி ஒட்டிய இடத்தில் கருகியிருந்தது. வாய்க்காலில் கல்லாகக் கிடந்த பனியை மரச்சுத்தியால் தட்டி எடுத்தேன். இரும்பால் தட்டினால் தகரம் ஓட்டையாகிவிடும். புதுக் கம்பியை வாய்க்காலில் போகவும் வரவுமாக ஓட்டி, வெளியேறும் குழாய்க்குள்ளும் ஒரு முழம் இறக்கி, கவ்வி போட்டு இறுக்கினேன். கை மரத்துப்போகும்போதெல்லாம் வெளியே வந்து வராந்தாவில் நின்று தேய்த்துக்கொண்டு மறுபடி உள்ளே போனேன். மெக்கர் பார்த்தேன். ஃபியூஸைப் போட்டேன். பொறுத்தேன். பாக்கி இருந்தது தொட்டுப் பார்ப்பது மட்டும்தான்.

கோவிந்தனின் மேசை வராந்தா திரும்பும் முனைக்கு அப்பால். அவரும் என்னைப் பார்க்க முடியாது, நானும் அவரைப் பார்க்க முடியாது. வெளியே போகிற பக்கவாசல் என் பக்கம் இருந்தது. மற்ற ஆட்கள் எல்லாம் போய்விட்டார்கள். நான் அறைக் கதவில் கை வைத்திருந்தபோது அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"என்னண்ணே, முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு. வர்றேன்" என்றேன்.

சொல்லிவிட்டு உள்ளே போனேன். நான் சொன்னதற்கு அர்த்தம், இதோ தொட்டுப் பார்த்துவிட்டு உங்களிடம் வருகிறேன் என்பது. தமிழனுக்குத் தமிழன் சொன்ன சொல். அவர் காதில் விழுந்தது வேறு. வேலையை முடித்த ஒருவன் "முடிஞ்சிருச்சு, வர்றேன்" என்றால் நம் எல்லோருக்கும் அது ஒன்றுதான்: கிளம்பிவிட்டான். "சரிண்ணே, போயிட்டு வாங்க" என்று அவர் பதில் சொன்னாராம். உள்ளே காற்றாடி இரைச்சலில் அது எனக்குக் கேட்கவில்லை. கிளம்பிப் போனவனை யாரும் அறைக்குள் தேட மாட்டார்கள். அவர் வந்தார், வெளியே இருந்த விளக்குச் சுவிட்சை அணைத்தார், கதவை அழுத்திச் சாத்தினார், கொண்டி போட்டுப் பூட்டினார், வீட்டுக்குப் போனார்.

விளக்கு அணைந்ததும் மின்சாரம் போய்விட்டது என்று நினைத்தேன். காற்றாடி ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டதும்தான், வெளியே யாரோ விளக்கை அணைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. தட்டித் தடவிக் கதவுக்கு வந்தேன். உள்ளிருந்து தள்ளித் திறக்கிற இரும்புத் தடி ஒன்று உண்டு. வெளியே பூட்டுப் போட்டால் அது சும்மா. ஸ்பேனரால் கதவை அடித்தேன். கதவிலும் சுவரிலும் கனத்த தக்கைப் பலகையைத் தார் பூசி ஒட்டியிருப்பார்கள், குளிர் வெளியே போகாமலிருக்க. சத்தமும் போகாது. எனக்கே என் அடி துணி மூட்டையில் அடித்த மாதிரிக் கேட்டது. சனிக்கிழமை மதியம். திங்கட்கிழமை காலைதான் திறப்பார்கள். அதுவரை அந்தக் குளிரில் ஒரு மனிதன் உயிரோடு இருக்க மாட்டான். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

உடம்பை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று இறைச்சிப் பெட்டிகளை இருட்டில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தூக்கி வைத்தேன். பிறகு அங்கிருந்து இங்கே. வியர்க்கவும் கூடாது, வியர்வை உறையும். கைகள் மரத்ததும் பெட்டியின் மேல் ஏறி, தகர வாய்க்காலுக்குள் கம்பியின் மேல் இரண்டு புறங்கையையும் வைத்தேன். நானாவின் கேள்விக்கு இவ்வளவு நேரம் பதில் சொன்ன ஆள் வேறு யாரும் இருக்க முடியாது. கம்பி சூடாகத்தான் இருந்தது. ஆறிப்போன காப்பி டம்ளரின் சூடு. அது போதாது, ஆனால் அந்த அறையில் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

கம்பியை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். வெட்டினால் ஃபியூஸ் போகும். போனால் யாருக்குத் தெரியும்? வெளியே ஆள் இல்லை. இருக்கிற சூடும் போய்விடும். விட்டுவிட்டேன். தண்ணீர் வெளியேறும் குழாயில் வாயை வைத்துக் கத்தினேன். வெளியே அந்தக் குழாய் வளைந்து போகும், வளைவில் எப்போதும் தண்ணீர் நிற்கும், குரல் தாண்டாது. தெரிந்தேதான் கத்தினேன்.

பிறகு, என்னை யார் தேடுவார்கள் என்று யோசித்தேன். பயத்தைவிட இது மோசம். ராமன் தேட மாட்டான். சாப்பாட்டுக் கடைக்காரர், இன்றைக்கு வேறு எங்கோ சாப்பிட்டுவிட்டான் என்று நினைப்பார். நானாவுக்குத் திங்கட்கிழமைதான் என் நினைப்பு வரும். முடி வெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், எதிர்க்கட்டில்காரர் என்று ஒவ்வொரு முகமாகக் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தேன். என்னைக் காணோமே என்று தலையைத் தூக்குகிற முகம் ஒன்றுகூட இல்லை. இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன், பூட்டிய அறைக்குள் இருப்பதும் வெளியே இருப்பதும் என் விஷயத்தில் ஒன்றுதான் என்று தோன்றியது. அழுதேன். கண்ணீர் இமைகளில் ஒட்டிக்கொண்டது.

எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதீர்கள். பெட்டி தூக்குவதை நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தது சுகமாக இருந்தது. அந்தச் சுகம் ஆபத்து என்று தெரிந்தும் எழுந்திருக்க மனமில்லை.

அப்போது விளக்கு எரிந்தது. கதவு திறந்தது. எனக்கு அந்த நிலையிலும் ஒன்று காதில் பட்டது. உறைந்த கதவைத் திறந்தால் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வரவில்லை. போன வருடம் சட்டத்தில் நான் ஓட்டிய கம்பி வேலை செய்துகொண்டிருந்தது.

"அண்ணே! அய்யோ அண்ணே!" என்று கோவிந்தன் ஓடிவந்து தூக்கினார்.

"கதவு ஒட்டல" என்றேன். மூன்று பேர் இருந்து சாட்சி சொன்னாலும் நான் அப்படிச் சொன்னேன் என்று நம்ப மாட்டேன். அவர்தான் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

வெளியே இழுத்துக்கொண்டு வந்து வெயில்பட்ட சிமெண்டுத் தரையில் கிடத்தினார். வாழ்நாள் முழுக்க நான் திட்டிய அந்தச் சிங்கப்பூர் வேக்காடு உடம்பில் ஏறியது. அவர் என் கைகளைத் தேய்த்தார். அவருடைய வலது கையில் சோறும் ரசமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"சோத்துல கை வச்சவன் அப்படியே ஓடியாந்தேண்ணே. பாக்கியம்தான் தொரத்திவிட்டா" என்றார். பாக்கியம் அவர் மனைவி. நான் பார்த்ததில்லை. சாப்பிட உட்கார்ந்தவர், இன்றைக்கு அந்தக் கம்பிக்காரர் என்னிடம் சொல்லிக்கொண்டு போனார் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்தம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாராம். "என்னைக்குமே சொல்லிக்காம போறவரு, இன்னைக்கு மட்டும் எதுக்குங்க சொல்லணும்? அவரு போறதுக்குச் சொல்லல. உங்க கிட்ட வர்றதுக்குச் சொல்லியிருக்காரு. வந்தாரா?" என்று கேட்டாராம். வரவில்லை என்று இவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. டாக்சி பிடித்து ஓடிவந்திருக்கிறார்.

திங்கட்கிழமை நானா இரண்டு பேரையும் வராந்தாவில் நிற்க வைத்தார். கோவிந்தன் நடந்ததைச் சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். நானா என்னைப் பார்த்தார்.

"தொட்டுப் பாத்தியா?"

"பாத்தேன் நானா. நல்லாவே பாத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. என் கையை எடுத்து, என் புறங்கையைத் தன் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு தரம்தான்.

"உங்க ரெண்டு பேரு மேலயும் தப்பு இல்ல. அந்தச் சொல்லு மேலதான் தப்பு. இனிமே இந்த வராந்தாவுல ஒருத்தனும் வர்றேன்னு சொல்லப்படாது. உள்ள போறவன் போறேன்னு சொல்லு. வெளிய வந்தவன் வந்துட்டேன்னு சொல்லு."

"நானா, போறேன்னு எப்படிச் சொல்றது? அபசகுனம் லா" என்றார் கோவிந்தன்.

"சகுனம் பாத்தா மய்யித்துதான், பொணந்தான் விழும். போறேன்னு சொல்லு. பூட்டு உள்ள போறவன் பையில இருக்கணும்."

அன்றிலிருந்து அந்தக் கிடங்கில் வாய்கூசாமல் "போறேன்" என்று கத்திக்கொண்டுதான் உள்ளே போனோம். புதிதாக வருகிறவர்கள் திடுக்கிடுவார்கள். பூட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போகிற வழக்கம் பிறகு எங்கள் கம்பெனி முழுக்கப் பரவியது. இப்போது உள்ளே அபாய மணி, வெளியே சிவப்பு விளக்கு எல்லாம் வந்துவிட்டன. என்னைப் பார்க்க வந்த பையன்களுக்கு இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்றுதான் நினைப்பார்கள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை கோவிந்தன் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். எனக்குப் போக இஷ்டமில்லை. ஒரு வீட்டுக்குள் போய் எங்கே உட்காருவது, எங்கே பார்ப்பது என்பதெல்லாம் மறந்துபோயிருந்தது. ஆனால் அந்தம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது மனிதத்தனம் இல்லை. தேக்கா சந்தையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொஞ்சம் பூவும் வாங்கிக்கொண்டு ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் ஒரு சிறுமி கல் ஆடிக்கொண்டிருந்தாள். என் தோளில் பையைப் பார்த்தாள். வேலை இல்லாத நாளிலும் அதை மாட்டிக்கொண்டு போயிருந்தேன், பழக்கம். கற்களைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

"அம்மா! சொல்லாமப்போற மாமா வந்துட்டாரு!"

கோவிந்தன் வெளியே வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "வசந்தா, வாய மூடு. ஒண்ணும் நெனச்சுக்காதீங்கண்ணே, சின்னப் புள்ள" என்றார். நான் ஒன்றும் நினைக்கவில்லை. அந்த வீட்டில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறதே என்ற திகைப்பில் நின்றேன்.

சாப்பாடு போட்டுக்கொண்டே பாக்கியம் சொன்னார். கிடங்குக்கு நான் போகிற நாளில் எல்லாம் கோவிந்தன் வீட்டுக்கு வந்து, இன்றைக்கும் அந்த ஆள் வாயைத் திறக்காமல் போனார் என்று என்னைப் போலவே பையை மாட்டி நடந்து காட்டுவாராம். கதவைத் திறந்ததும் பிள்ளை கேட்கிற முதல் கேள்வியே, "இன்னைக்காச்சும் சொன்னாராப்பா?" என்பதுதானாம். அந்தச் சனிக்கிழமை, சொல்லிவிட்டார் என்றதும் அவள் கைதட்டிக் குதித்தாளாம்.

"உள்ள இருந்தப்ப என்னண்ணே நெனச்சீங்க?" என்று பாக்கியம் கேட்டார்.

நான் பொய் சொல்லியிருக்கலாம். சாமியை நினைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். உள்ளதைச் சொன்னேன். "என்னைய யாரு தேடுவாங்கன்னு நெனச்சுப் பாத்தேம்மா. ஒருத்தரும் தோணல."

பாக்கியம் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "எங்களத் தெரியாதுல்ல உங்களுக்கு" என்றார். பிறகு நான் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் இன்னொரு கரண்டி ஊற்றினார். தலையைக் குனிந்துகொண்டு இலையையே பார்த்திருந்தேன். அவர்களும் வேறு எதையோ பேசினார்கள்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டினேன். மாட்டி நிமிர்ந்தால், மூன்று பேரும் வரிசையாக நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தாள்.

"வர்றேன்" என்றேன்.

"எப்ப?" என்றாள் வசந்தா.

என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமை" என்றேன்.